டொராண்டோவின் ஓடைப்பள்ளங்களில் ஏன் வீடு கட்டுவதில்லை?

கேள்வி கேட்டவர் டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவுக்குக் குடிவந்து நாலு மாதம் ஆகிறதாம். மார்க்கம் சாலைப் பக்கம் 11-வது மாடியில் இரண்டு அறை வீடு. வருகிற சம்பளத்தில் பாதி வாடகைக்கே போய்விடுகிறது. பால்கனியில் நின்று பார்த்தால் கீழே பெரிய பள்ளம், பள்ளம் முழுக்க மரம், நடுவில் எங்கேயோ ஒரு ஓடை. “இவ்வளவு இடத்தையும் புறம்போக்கு மாதிரிச் சும்மா போட்டு வைத்திருக்கிறார்கள். வீடு கிடைக்காமல் சனங்கள் திண்டாடும்போது இதில் கட்டினால் என்ன? பூங்கா வேண்டுமென்றால் நாலு ஊஞ்சலும் பத்து பெஞ்சும் போதாதா?” என்று கேட்டிருக்கிறார்.

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அந்தப் பள்ளத்தில் ஏன் கட்டாமல் விட்டார்கள் என்பது ஒன்று. என் வாடகை இவ்வளவு ஏறிக் கிடப்பதற்கு இந்தக் காடும் ஒரு காரணமா என்பது அடுத்தது. முதல் கேள்விக்கு என்னால் அடித்துச் சொல்ல முடியும். நான் படித்தது சிவில் பொறியியல். இருபது வருடத்துக்கு மேலாக இந்த நகரத்தின் ஓடைகளோடுதான் பிழைப்பு. மழை பெய்தால் எந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போடுவது, இடிந்த கரையைக் கட்டுவது, அரித்துக்கொண்டு போன ஓடையைத் திருத்துவது, இவைதான் என் வேலை. இரண்டாவது கேள்வி நிலச் சந்தை சம்பந்தப்பட்டது. அதில் நான் வாடகை கொடுத்துப் பழகியவன், நாளிதழ் படிப்பவன், அவ்வளவுதான். அந்த இடம் வரும்போது சொல்லிவிட்டுப் பேசுகிறேன்.

டொராண்டோவை வரைபடத்தில் பார்த்தால் கோலப்புள்ளி மாதிரி நேர்நேராகத் தெருக்கள் தெரியும். சமதளமான ஊர் என்றுதான் தோன்றும். ஒரு தடவை புளோர் பாதையில் சுரங்க ரயில் ஏறி, காசில் பிராங்க் நிலையத்துக்கும் பிராட்வியூ நிலையத்துக்கும் நடுவில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். இருட்டுக்குள்ளேயே வந்துகொண்டிருந்த ரயில் திடீரென்று வெளிச்சத்துக்கு வந்து, மரங்களின் தலைக்கு மேலே பறக்கிற மாதிரிப் போகும். அது 1918-ல் திறந்த பாலம். கீழே ஓடுவது டான் ஆறு. அரை நிமிடம்தான், மறுபடி இருட்டு. ரயில் பாதாளத்தில் போகிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். நகரத்துக்குள் அதைவிட ஆழமாக ஒரு பள்ளம் இருக்கிறது என்பது அந்த அரை நிமிடத்தில் புரியும்.

இப்படி ஆறு நீர்வழிகள் வடக்கிலிருந்து தெற்கே இறங்கி ஒண்டாரியோ ஏரியில் சேருகின்றன. மேற்கிலிருந்து வந்தால் எட்டோபிகோ ஓடை, மிமிகோ ஓடை, ஹம்பர் ஆறு, டான் ஆறு, ஹைலண்ட் ஓடை, ரூஜ் ஆறு. பத்துப் பன்னிரண்டாயிரம் வருடங்களுக்கு முன் பனிப்பாளம் உருகி விலகியபோது விட்டுப்போன மணலிலும் களிமண்ணிலும் இந்தத் தண்ணீர் வெட்டிக்கொண்டே போனதால் வந்த பள்ளங்கள் இவை. இங்கே எல்லோரும் ரவீன் என்பார்கள். நான் ஓடைப்பள்ளம் என்றே எழுதுகிறேன். எல்லாம் சேர்ந்து சுமார் 11,000 ஹெக்டேர், நகரத்தின் பரப்பில் கிட்டத்தட்ட 17 சதவீதம். அதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் பொதுச்சொத்து. மீதி தனியார் வீடுகளின் கொல்லைப்புறமாகவும் மற்ற தனியார் மனைகளாகவும் இருக்கிறது. உங்கள் பால்கனிக்குக் கீழே தெரிவது பெரும்பாலும் ஹைலண்ட் ஓடையின் பள்ளமாக இருக்கும்.

சரி, ஏன் கட்டவில்லை? கட்டினார்கள். அதுதான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆற்றோரம், தண்ணீர்க் காற்று, விலையும் குறைவு என்று அந்தக் காலத்தில் பள்ளங்களின் அடியிலேயே தெருப்போட்டு வீடு கட்டிக் குடியிருந்தார்கள். 1954 அக்டோபர் 15, வெள்ளிக்கிழமை இரவு ஹேசல் சூறாவளி வந்தது. கரீபியன் கடலில் பிறந்து, ஹைட்டியில் உயிர்களைக் குடித்து, அன்று காலையில்தான் அமெரிக்காவின் கரோலினாக் கரையில் ஏறியிருந்தது. டொராண்டோ கடற்கரை ஊர் கிடையாது. இவ்வளவு தூரம் வருவதற்குள் ஓய்ந்துவிடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் வடக்கிலிருந்து வந்த குளிர்காற்றோடு மோதி, நகரத்தின் மேலேயே கொட்டித் தீர்த்தது. ஹம்பர் ஆற்றின் மேற்பகுதியில் 200 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதற்கு முந்தைய நாட்களின் மழையில் மண் ஏற்கனவே ஊறிக் கிடந்ததால், விழுந்த தண்ணீரில் பெரும்பகுதி நேராக ஆற்றுக்குப் போய்விட்டது.

ஹம்பர் ஆற்றின் கரையில் ரேமோர் டிரைவ் என்று ஒரு தெரு இருந்தது. சின்னச் சின்ன வீடுகள், உழைத்துப் பிழைக்கும் குடும்பங்கள். ஆறு ஏறினால் கொல்லையில் கொஞ்சம் தண்ணீர் வரும், போய்விடும் என்று பழகியவர்கள். அன்று ராத்திரி ஆற்றின் குறுக்கே இருந்த நடைபாலம் ஒரு பக்கம் பிய்ந்து திரும்பி, பாய்ந்து வந்த வெள்ளத்தை அப்படியே தெருப்பக்கம் தள்ளிவிட்டது. வீடுகள் அஸ்திவாரத்தோடு பெயர்ந்து மிதந்து போயின. கூரையில் ஏறி நின்றவர்கள் கூரையோடு போனார்கள். அந்த ஒரு தெருவில் மட்டும் 35 பேர் இறந்தார்கள். ஒண்டாரியோ மாகாணத்தில் மொத்தம் 81 பேர். காப்பாற்றப் போன தன்னார்வத் தீயணைப்பு வீரர்களிலும் ஐந்து பேர் திரும்பவில்லை.

இன்றைக்கு அந்த இடத்தில் ரேமோர் பூங்கா இருக்கிறது. புல்வெளி, நடைபாதை, நாயைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள். அந்த நடைபாலத்தின் கான்கிரீட் அடித்தூண் ஒன்று இன்னமும் கரையில் சாய்ந்து நிற்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த பொறியாளர் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய், அந்தத் தூணின் பக்கத்தில் நிற்கவைத்து, எதிரே இருந்த புல்வெளியைக் காட்டினார். “இந்தப் புல்வெளிக்கு ஒரு தெருப்பெயர் இருந்தது” என்றார். அதற்கப்புறம் எந்த வெள்ளக் கணக்குப் போட்டாலும் அந்தப் புல்வெளி என் நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

ஹேசலுக்குப் பிறகு நகரம் இரண்டு காரியம் செய்தது. ஒன்று, பள்ளத்தின் அடியில் இருந்த நிலங்களைப் பொதுப்பணத்தில் வாங்கியது, வாங்க முடியாததைக் கையகப்படுத்தியது. 1957-ல் இதற்கென்றே பெருநகர டொராண்டோ வட்டாரப் பாதுகாப்பு ஆணையம் உருவானது. இரண்டாவது, கட்டுமான விதியையே மாற்றியது. தெற்கு ஒண்டாரியோவின் இந்தப் பகுதியில் ஒரு மனை வெள்ளப் படுகைக்குள் இருக்கிறதா என்று பார்க்க, நாங்கள் இன்றைக்கும் ஹேசலைத்தான் அளவுகோலாக வைக்கிறோம். அன்று பெய்த அதே மழையை, மணிக்கணக்கு மாறாமல், கணினியில் அந்த ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதி மீது கொட்டிப் பார்ப்போம். தண்ணீர் எதுவரை ஏறுகிறதோ அதுதான் கோடு. கோட்டுக்குள்ளே புதிதாக வீடு கட்ட அனுமதி கிடைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். கோட்டை ஒட்டிய சரிவிலும் ஆணையத்தின் அனுமதி இல்லாமல் மண்ணைக் கொட்டவோ வெட்டவோ கூடாது. சரிவில் இருக்கும் மரத்துக்கும் தனிச்சட்டம் இருக்கிறது. நகரத்தின் மற்ற இடங்களில் தனியார் மனையில் 30 சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேல் பருத்த மரத்தை வெட்டத்தான் அனுமதி வேண்டும். ஓடைப்பள்ளப் பாதுகாப்பு எல்லைக்குள் விரல் பருமன் கன்றாக இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் கைவைக்க வேண்டும்.

அந்தக் கோடு பழைய பயத்தில் போட்டது, இப்போது தேவையா என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் வீட்டுக்குக் கீழேயே போய்ப் பாருங்கள். ஹைலண்ட் ஓடை சாதாரண நாளில் கணுக்காலளவுதான் ஓடும். கூழாங்கல் தெரியும், குழந்தை குறுக்கே நடந்துவிடும். நல்ல கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்த மறுநாள் போய், தண்ணீரை விட்டுவிட்டுக் கரையோரக் கிளைகளைப் பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் பை, காய்ந்த புல், சில சமயம் ஒரு செருப்பு, இவையெல்லாம் உங்கள் நெஞ்சு உயரத்தில், சில இடங்களில் தலைக்கு மேலே சிக்கிக்கொண்டிருக்கும். காற்று கொண்டுவந்து வைத்ததாக நினைக்க வேண்டாம். முந்தின நாள் தண்ணீர் அங்கே நின்றது. நாங்கள் களத்துக்குப் போனால் முதலில் தேடுவதே அந்தக் குப்பையைத்தான். எந்தக் கருவியும் இல்லாமல் வெள்ளத்தின் உயரம் அதில் எழுதியிருக்கும்.

அந்த ஓடை இவ்வளவு கோபக்காரியாக இருப்பதற்கு மேலே உள்ள ஊர்தான் காரணம். ஹைலண்ட் ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதி கிட்டத்தட்ட முழுக்க ஸ்கார்பரோவுக்குள்ளேயே இருக்கிறது, பெரும்பகுதி கட்டடமும் தாரும் ஆகிவிட்டது. கூரை, வாகன நிறுத்துமிடம், ஆறு வழிச் சாலை என்று எங்கே விழுந்தாலும் மழை மண்ணுக்குள் இறங்காது. குழாய் வழியாகச் சில நிமிடத்தில் ஓடைக்கு வந்துவிடும். மழை தொடங்கிய அரைமணியில் கணுக்கால் ஓடை ஆள் உயரம் ஏறுவதை நான் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் சத்தம் மாறும். சலசலப்பு போய் ஒரு தடித்த உறுமல் வரும், அப்புறம் நிறம் மாறும். அதற்குள் கரையேறிவிட வேண்டும். 2005 ஆகஸ்ட் 19 அன்று பெய்த மழையில் மேற்கே பிளாக் ஓடை, பின்ச் அவென்யூவின் அடியில் இருந்த குழாயோடு சாலையையே அரித்துக்கொண்டு போனது. 2013 ஜூலையில் டான் ஆறு ஏறி, பயணிகளோடு ஒரு ரயிலை நடுவழியில் நிறுத்திவிட்டது. 2024 ஜூலை 16 அன்று ஒரு காலைப்பொழுதுக்குள் விமான நிலையத்தில் கிட்டத்தட்ட 100 மில்லிமீட்டர் பெய்தது. டான் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலையில் கார்களின் ஜன்னல் வரை தண்ணீர் நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாலை ஆற்றின் படுகையில் போட்ட சாலை. ஆறு தன் இடத்துக்கு வந்து போனது.

இதுவரை சொன்னது உறுதியானது. இனி நிச்சயமில்லாத விஷயத்துக்கு வருகிறேன். ஹேசல் மாதிரி ஒன்று மறுபடி எப்போது வரும் என்று யாராலும் தேதி சொல்ல முடியாது. சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும், ஆகவே குறைந்த நேரத்தில் கொட்டும் பெருமழைகள் கூடும் என்பதில் துறையில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இந்த ஓடையில், இந்தக் கோடு, எத்தனை மீட்டர் நகரும் என்று கேட்டால் ஒவ்வொரு மாதிரிக் கணக்கும் ஒவ்வொரு விடை தருகிறது. மரம் வெள்ளத்தைத் தடுத்துவிடும் என்று சொல்பவர்களையும் நான் முழுசாக ஒப்புக்கொள்வதில்லை. சின்ன மழையை மரமும் மண்ணும் நன்றாக உறிஞ்சும், கரையை வேர் பிடித்து வைக்கும். ஹேசல் போன்ற மழையில் மண் நிரம்பிவிட்ட பிறகு காடும் களமும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த நேரத்தில் பள்ளம் செய்கிற உதவி வேறு: தண்ணீர் பரந்து நிற்க இடம் கொடுக்கிறது. அங்கே ஆள் குடியிருக்கவில்லை என்பதே அன்று உயிரைக் காக்கும்.

இந்த இடத்தில் நீங்கள் சொன்ன ‘புறம்போக்கு’ என்ற சொல்லுக்கு வருகிறேன். யாருக்கும் உதவாத நிலம் என்ற பொருளில் நாம் அதைச் சொல்கிறோம், மனிதரைத் திட்டவும் பயன்படுத்துகிறோம். ஊர்க் கணக்கில் அதன் பொருள் வேறு. வரி விதிக்கும் பட்டா நிலத்துக்குப் புறம்பாக, ஊர்ப் பொதுவுக்கென்று ஒதுக்கிய நிலம்தான் புறம்போக்கு. மேய்ச்சல் புறம்போக்கு, மயானப் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு என்று கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டில் பார்க்கலாம். அந்தக் கணக்குப்படி பார்த்தால் உங்கள் பால்கனிக்குக் கீழே இருப்பது அசல் ஓடைப் புறம்போக்கு. சொல்லைச் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள். அதில் வீடு கட்டினால் என்ன ஆகும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கட்டவே முடியாதா என்றால், முடியும். ஆனால் ஆற்றுக்கு முதலில் வழி விட வேண்டும். டான் ஆற்றின் கதையே இதற்குச் சாட்சி. 1880-களின் கடைசியில் வளைந்து நெளிந்து போன ஆற்றைக் கால்வாய் மாதிரி நேராக்கினார்கள். முகத்துவாரத்தில் இருந்த பெரிய சதுப்பு நிலத்தைப் பின்னாளில் தூர்த்துத் தொழிற்சாலை நிலமாக்கினார்கள். கடைசியில் ஆறு கீட்டிங் வாய்க்காலில் செங்குத்தாக ஒரு திருப்பம் திரும்பித்தான் ஏரிக்குப் போக வேண்டும். ஓடுகிற ஆற்றைத் தொண்ணூறு டிகிரி திரும்பச் சொன்னால் அது கேட்குமா? மழைக்கு மழை பின்னால் தேங்கியது. கழிவு வேறு சேர்ந்து, 1969-ல் மாணவர்கள் அந்த ஆற்றுக்குச் சவ ஊர்வலமே நடத்தினார்கள். 2017-ல் மத்திய அரசு, மாகாண அரசு, நகராட்சி மூன்றும் சேர்ந்து 125 கோடி டாலர் ஒதுக்கி, போர்ட் லேண்ட்ஸ் பகுதியில் ஆற்றுக்குப் புதிதாக ஒரு வாயை வெட்டின. சுமார் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு வளைவும் சதுப்புமாக ஒரு புதுப் பள்ளத்தாக்கையே கையால் செய்தார்கள். அதன் கரையில் 2025-ல் பீடாசிகே பூங்கா திறந்தது. அதைச் சுற்றி இப்போது ஆயிரக்கணக்கான வீடுகளுக்குத் திட்டம் இருக்கிறது. பூங்காவும் வேண்டும், வீடும் வேண்டும் என்பவர்கள் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது.

அதற்குச் சற்று வடக்கே கோர்க்டவுன் காமன் என்று ஒரு பூங்கா. குழந்தைகள் தண்ணீரில் விளையாடுவார்கள், குன்றின் மேலிருந்து நகர மையத்தின் கோபுரங்கள் தெரியும். அந்தக் குன்று இயற்கையாக வந்தது இல்லை. டான் ஆற்று வெள்ளம் நகர மையத்துக்குள் போகாமல் இருக்கப் போட்ட மண்கரை. அதன் மேலே புல்லும் மரமும் வைத்துப் பூங்காவாக்கிவிட்டார்கள். மேற்கே பிறகு எழுந்த அடுக்குமாடிகள் அத்தனைக்கும் அந்தக் கரைதான் காவல். அங்கே ஓடிப் பிடித்து விளையாடும் பிள்ளைகளின் பெற்றோரில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். நல்ல பொறியியல் வேலை அப்படித்தான் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும்.

இப்போது வாடகை. முன்பே சொன்னேன், இது என் துறை இல்லை. தெரிந்த இரண்டு மூன்று விஷயங்களை மட்டும் வைக்கிறேன். ஒண்டாரியோ அரசே அமைத்த வீட்டுவசதிப் பணிக்குழு, 2022 பிப்ரவரியில் கொடுத்த அறிக்கையில், நிலத் தட்டுப்பாடு இந்த நெருக்கடிக்குக் காரணம் இல்லை என்று எழுதியது. பள்ளத்துக்கு மேலே, சமதளத்தில், டொராண்டோவின் குடியிருப்பு நிலத்தில் பெரும்பகுதியில் வெகுகாலம் ஒரு மனைக்கு ஒரு தனிவீடு என்ற விதிதான் இருந்தது. ஒரே மனையில் நாலு வீடு கட்டலாம் என்று நகர மன்றம் அனுமதித்ததே 2023 மே மாதத்தில்தான். பேருந்து போகிற, குழாய் போட்ட, வெள்ளம் வராத அந்த நிலத்தையெல்லாம் விட்டுவிட்டு, ஆறு வந்து படுக்கும் இடத்தில் ஏழைகளுக்கு வீடு கட்டச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. ரேமோர் டிரைவில் இருந்தவர்களும் விலை குறைவு என்றுதான் அங்கே போனார்கள். பள்ளங்களைத் திறந்துவிட்டால் வாடகை எவ்வளவு இறங்கும் என்று யாராவது புள்ளிவிவரத்தோடு காட்டினால் படிக்கத் தயார். உயிர்க்கணக்கை மாற்றிக்கொள்ள மட்டும் தயாரில்லை.

ஆனால் உங்கள் கோபத்தில் எனக்கு முழு உடன்பாடு உள்ள ஒரு இடம் இருக்கிறது. பசுமை எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைக்கவில்லை. டொராண்டோவில் 1,500-க்கு மேல் பூங்காக்கள். மேற்கே ஹை பார்க் மட்டும் 161 ஹெக்டேர். ஜான் ஹோவர்ட் என்ற கட்டடக் கலைஞர் 1873-ல் தன் நிலத்தை நகரத்துக்கு எழுதிக்கொடுத்தபோது, அது என்றைக்கும் மக்களுக்கு இலவசமாகத் திறந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். இன்றைக்கும் சுரங்க ரயிலில் இறங்கி நடந்தே உள்ளே போகலாம். உங்களுக்குப் பள்ளம் கண்ணுக்குத் தெரிகிறது, கால் போக வழி தெரியவில்லை. அடுக்குமாடியின் பின்பக்கம் கம்பிவேலி, சரிவு செங்குத்து, நுழைவாயில் சுற்றிக்கொண்டு போக வேண்டிய இடத்தில், ஒரு பலகைகூட இருக்காது. பால்கனியிலிருந்து மட்டும் பார்க்கிறவருக்கு அது சும்மா கிடக்கும் நிலமாகத்தானே தெரியும்? சக்கர நாற்காலிக்காரர், தள்ளுவண்டியோடு வரும் தாய், முழங்கால் வலியுள்ள பாட்டி, இவர்களுக்குப் பள்ளம் இருந்தும் இல்லாத மாதிரிதான். அவர்களுக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே சமதளத்தில் பூங்கா வேண்டும், அதற்கு நீங்கள் சொன்ன ஊஞ்சலும் பெஞ்சும் நிச்சயம் வேண்டும்.

புதுக் கட்டடம் எழும்பும்போது அதைக் கட்டுபவர் பூங்காவுக்கு நிலமோ பணமோ கொடுக்க வேண்டும் என்று மாகாணச் சட்டம் இருக்கிறது. 2022-ல் வந்த சட்டத்திருத்தம், வீடுகளின் எண்ணிக்கையை வைத்துக் கேட்கும் அந்த அளவைப் பாதியாகக் குறைத்துவிட்டது. முன்பு 300 வீட்டுக்கு ஒரு ஹெக்டேர் வரை கேட்கலாம், இப்போது 600 வீட்டுக்கு ஒரு ஹெக்டேர். அதற்கு மேல் ஒரு உச்சவரம்பும் உண்டு. கோபுரம் கோபுரமாக எழும்பும் இடங்களில் இதன் விளைவு பத்து வருடத்தில் தெரியும் என்பது என் கணிப்பு. கணிப்புதான்.

சின்ன இடமாக இருந்தாலும் ஆட்கள் கையில் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு தார்ன்கிளிப் பார்க் பகுதியில் உள்ள பர்ஜெஸ் பூங்காவைச் சொல்வேன். சுற்றிலும் அடுக்குமாடிகள், நடுவில் ஒரு துண்டு நிலம். அங்கே குடியேறிய பெண்கள் ஒரு குழு அமைத்து, நகராட்சியோடு பல வருடம் மல்லுக்கட்டி, பூங்காவுக்குள் ஒரு தந்தூர் அடுப்பே கொண்டுவந்துவிட்டார்கள். கோடையில் அங்கே சந்தை நடக்கும், சுடச்சுட ரொட்டி கிடைக்கும். ஸ்கார்பரோவிலேயே ‘மெடோவே’ என்ற பசுமைவழி இருக்கிறது. உயர் அழுத்த மின்கோபுரங்களுக்குக் கீழே வெறும் புல்லாக வெட்டிக்கொண்டிருந்த நிலத்தை, டான் பள்ளத்தாக்கிலிருந்து ரூஜ் வரை 16 கிலோமீட்டருக்குப் பூவும் உயரப்புல்லும் நிறைந்த வெளியாக மாற்றி வருகிறார்கள். நடுவில் மிதிவண்டிப் பாதை. மின்கம்பிக்குக் கீழே வீடு கட்ட முடியாது, அதனால் யாருடைய வீட்டையும் அது தட்டிப் பறிக்கவில்லை. சமதளம் என்பதால் தள்ளுவண்டியும் போகும். அதன் கிழக்கு முனையில் ரூஜ் தேசிய நகரப் பூங்கா. கனடாவின் முதல் தேசிய நகரப் பூங்கா, 2015-ல் சட்டமாகி இன்று சுமார் 79 சதுர கிலோமீட்டர். நுழைவுக் கட்டணம் கிடையாது, நகரப் பேருந்திலேயே போகலாம். பூங்கா எல்லைக்குள்ளேயே விவசாயம் நடக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பள்ளத்தில் குடியிருக்கக் கூடாது என்று நான் இவ்வளவு எழுதினாலும், கூடாரம் போட்டு அங்கே குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். வேலைக்குப் போகும்போது பார்க்கிறோம், பேசுகிறோம், மழை வரப்போகிறது என்றால் மேலே ஏறச் சொல்கிறோம். “மேலே எங்கே போவது?” என்று ஒருவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வீட்டுப் பஞ்சத்தை நீங்கள் சாதாரணமாக எழுதவில்லை என்று எனக்குத் தெரியும்.

கடைசியாக, கீழே இறங்கிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். லாரன்ஸ் – மார்க்கம் சந்திப்புக்குப் பக்கத்தில் சீடர்புரூக் பூங்கா வழியாக இறங்கலாம். கிழக்கே மார்னிங்சைட் பூங்காவில் இறங்கினால், தெம்பிருந்தால் ஓடையை ஒட்டிய பாதையில் ஏரி வரைக்கும் போகலாம். முழுக்கால் சட்டை போட்டு, காலுறைக்குள் அதைச் செருகிக்கொள்ளுங்கள். உண்ணி இருக்கிறது, சில உண்ணிகள் லைம் நோயைப் பரப்பும், வீட்டுக்கு வந்ததும் முழங்காலுக்குப் பின்னால், அக்குளில், பிள்ளைகளின் தலைமுடியில் பார்த்துவிடுங்கள். மூன்று மூன்று இலையாகப் பளபளவென்று படர்ந்த செடியைத் தொட வேண்டாம், தோல் கொப்பளிக்கும். கீரை, காளான் என்று எதையும் பறிக்கக் கூடாது, அதற்கு அபராதம் உண்டு. பலத்த மழை பெய்யும்போதும் பெய்து முடிந்த உடனேயும் பள்ளத்துக்குப் போகவே வேண்டாம். மழைக்குப் பிறகு இரண்டு நாளாவது பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள், தெருவின் அழுக்கெல்லாம் அதில்தான் வந்து சேரும். பிறந்தநாள், ஒன்றுகூடல் என்று 25 பேருக்கு மேல் போனால் நகராட்சியில் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள்.

செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் நடுவரை போனால் இன்னும் நல்லது. ஏரியிலிருந்து சினூக் சால்மன்கள் முட்டையிட ஹைலண்ட் ஓடையில் ஏறி வரும். இந்த ஏரிக்கே உரிய அட்லாண்டிக் சால்மன் 1890-களிலேயே அற்றுப்போய்விட்டது. இவை பசிபிக் கரையிலிருந்து கொண்டுவந்து விட்ட மீனின் வம்சம். உங்கள் முழங்கை நீளத்தைத் தாண்டிய மீன், கணுக்கால் தண்ணீரில் முதுகு வெளியே தெரிய, கல்லில் வயிறு உரச, வாலை அடித்து அடித்து மேலே போகும். மார்னிங்சைட் பூங்காவில் பாலத்துப் பக்கம் நின்றால் அந்தச் சத்தம் முதலில் கேட்கும், அப்புறம்தான் மீன் கண்ணில் படும். பிள்ளைகளை முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள். மீனைத் துரத்தாமல், கரையிலேயே நின்று பார்க்கச் சொல்லுங்கள்.